வெள்ளம் கணக்கை மீறும் நாள்

என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கிராமத்துச் சிறுபாலங்களோடு கழிந்தது. பெரிய ஆற்றுப் பாலம் என்றால் ஆய்வுக் குழு வரும், ஆலோசகர்கள் வருவார்கள், செய்தித்தாளில் படம் வரும். ஓடையைக் கடக்கும் பதினைந்து மீட்டர் பாலத்துக்கு ஒரு பொறியாளர், ஒரு ஓவர்சியர், ஒரு எஸ்டிமேட், அவ்வளவுதான். ஆனால் ஓடைக்கு அக்கரையில் குடியிருக்கிறவர்களுக்குப் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அதுவே வழி. பெரிய பாலத்துக்கு எடுக்கும் அக்கறையில் குறை வைக்காமல் சிறுபாலத்தையும் முடிவு செய்யவேண்டும் என்று நான் நம்புகிறேன். அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதை, ஜவ்வாது மலையடிவாரத்தில், செங்கம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நாங்கள் மாற்றிக் கட்டிய பாலத்தை வைத்துச் சொல்கிறேன்.

2021 நவம்பரில் வட தமிழ்நாட்டில் அடுத்தடுத்து மழை கொட்டியது. பாலாறும் தென்பெண்ணையும் கரைபுரண்ட அதே நாட்களில், மலையிலிருந்து இறங்கிச் செய்யாற்றில் கலக்கும் சிறு ஓடைகளும் பொங்கின. அப்படி ஓர் ஓடையில் இருந்த குழாய்ப்பாலம் ஒரே இரவில் போனது. ஓடையின் இடக்கரையில் ஊர். தார்ச்சாலை, பள்ளி, பால் சொசைட்டி எல்லாம் அங்கே. வலக்கரையில் காலனி, தாழ்வான நிலம். காலனியின் சுடுகாடு மட்டும் இடக்கரையில், ஊரைத் தாண்டி. பாலம் இல்லாவிட்டால் காலனிக்காரர்களுக்கு உயிரோடு போகவும் வழியில்லை, இறந்தபின் போகவும் வழியில்லை.

நாங்கள் போனபோது நாலு சிமென்ட் குழாய்களும் கீழே வயல்களில் கிடந்தன. ஒன்றுகூட உடையவில்லை. “குழாய் நல்லா இருக்குது சார், எடுத்து மறுபடியும் போட்டுடலாம். பத்து நாள் வேலை” என்றார் ஒப்பந்ததாரர். பலபேருக்கு அது சரியென்று பட்டது. பாலம் போனபிறகு முதலில் எழும் ஆசை, இருந்ததை இருந்தபடியே திரும்ப வைப்பது. குழாய் கெடவில்லை என்பது உண்மைதான். தண்ணீருக்கு அந்தக் குழாய்கள் விட்ட வழிதான் போதவில்லை. அதைக் கணக்குப் போட்டுக் காட்டாமல் அடுத்த அடி வைக்க முடியாது.

ஓடையில் எவ்வளவு தண்ணீர் வரும் என்பதை மூன்று வழிகளில் கேட்கலாம். வரைபடத்தைக் கேட்கலாம், ஓடையையே கேட்கலாம், அங்கே வாழ்ந்தவர்களைக் கேட்கலாம். மூன்றையும் கேட்கவேண்டும்.

வரைபடம் என்பது இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள். சமஉயரக் கோடுகளைப் பின்தொடர்ந்து, எந்த மேட்டுக்கு இந்தப் பக்கம் விழும் மழை நம் ஓடைக்கு வருகிறதோ அந்த எல்லையைப் பென்சிலால் வரைந்தால் நீர்ப்பிடிப்புப் பரப்பு கிடைக்கும். இங்கே அது 12 சதுர கிலோமீட்டர். சென்னை மாகாணத்து நீரோட்டங்களை வைத்து ரைவ்ஸ் என்ற பொறியாளர் 19-ஆம் நூற்றாண்டில் தந்த சூத்திரத்தை இன்றும் தென்னிந்தியாவில் பயன்படுத்துகிறோம். பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கை ஒரு கெழுவால் பெருக்கவேண்டும். மலையை ஒட்டிய பகுதிக்குக் கெழு ஏறக்குறைய 10. விடை: வினாடிக்கு 52 கனமீட்டர்.

அடுத்து ஓடையைக் கேட்டோம். வெள்ளம் வடிந்தபின் வேலியில் சிக்கிய வைக்கோல், மோட்டார் கொட்டகைச் சுவரில் படிந்த சேற்றுக் கோடு, புங்க மரத்தில் உரிந்த பட்டை இவையெல்லாம் தண்ணீர் எழுதிவிட்டுப் போன அளவுகள். இரண்டு மழை பெய்தால் அழிந்துவிடும் என்பதால் லெவல் கருவியோடு உடனே போகவேண்டும். அந்தக் கோடுகளின்படி வெள்ள அகலம் 14 மீட்டர், சராசரி ஆழம் 1.7 மீட்டர். ஓடையின் சரிவு 150-க்கு 1. கல்லும் புதருமான படுகை. மேனிங் சூத்திரத்தில் போட்டால் வேகம் வினாடிக்கு இரண்டரை மீட்டர், நீரளவு 60 கனமீட்டர். இரண்டு வழியிலும் வந்த விடைகள் அருகருகே நின்றன. இப்படி நிற்கும்போது பெரியதை எடுக்கவேண்டும் என்பது சிறுபாலங்களுக்கான இந்திய சாலைக் காங்கிரஸ் விதி. 60-ஐ எடுத்தோம்.

இப்போது பழைய பாலத்தைப் பார்ப்போம். 90 செ.மீ. விட்டமுள்ள நாலு குழாய்களின் திறப்பு சேர்ந்தால் இரண்டரை சதுர மீட்டர்தான். அழுத்தத்தோடு வேகமாக ஓடினாலும் ஏழு, எட்டு கனமீட்டருக்கு மேல் போகாது. அதுவும் வாயில் ஒரு மரத்துண்டுகூடச் சிக்காத நேரத்தில். வந்ததோ 60. மிச்சமெல்லாம் சாலைக்கு மேலே ஏறி மறுபக்கம் அருவியாக விழுந்து, அடிமண்ணைத் தோண்டி, குழாய்களைத் தூக்கிக்கொண்டு போனது. இந்தக் கணக்கைக் கிராமத்துக் கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். அதன்பிறகு பழைய குழாயைப் பற்றி யாரும் பேசவில்லை.

மூன்றாவதாக, வாழ்ந்தவர்களின் சொல். ஓடைக்கரை முனியப்பன் கோயிலில் இருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: “இந்த வாட்டி மூணாம் படி நனைஞ்சுது தம்பி. எங்கப்பா காலத்துல மேல இருக்கிற ஏரி உடைஞ்சப்போ அஞ்சாம் படி வரைக்கும் வந்துச்சாம்.” படிகளை அளந்தோம். ஒவ்வொரு படியும் முக்கால் அடிக்கு மேல். எந்தச் சூத்திரத்திலும் இல்லாத செய்தி இது. மேலே ஓர் ஏரி இருக்கிறது. அதன் கலங்கல் வழிவதோடு நின்றால் நம் கணக்கு சரி, கரை உடைந்தால் கணக்கு உடையும். மழைக்கு வரும் வெள்ளத்தைச் சூத்திரம் சொல்லும், ஏரி உடைந்து வரும் வெள்ளத்தைப் பெரியவர்கள்தான் சொல்வார்கள். களத்துக்குப் போகும் இளம் பொறியாளர்கள் ஊரிலேயே வயதான மூன்று பேரையாவது தனித்தனியாக விசாரிக்காமல் வெள்ள மட்டத்தை எழுதக்கூடாது.

தண்ணீரின் அளவு தெரிந்தபின் தேர்வுகள் நாலு.

முதலாவது, தரைப்பாலம். ஓடையின் மட்டத்தை ஒட்டிய கான்கிரீட் தளம், அடியில் சில திறப்புகள். சாதாரண நீர் கீழே போகும், வெள்ளம் மேலே போகும். செலவு குறைவு, வெள்ளத்தை எதிர்த்து நிற்பதும் குறைவு. தரைப்பாலத்தை நான் தாழ்வாக நினைக்கவில்லை. அகன்று ஆழமில்லாமல் ஓடும் மணல் ஓடைகளில், சில மணி நேரத்தில் வெள்ளம் வடிந்துவிடும் இடங்களில், சுற்றிப் போக வேறு பாதையும் இருந்தால், அதுவே அறிவான முடிவு. ஆண்டில் சில தடவை, சில மணி நேரம் போக்குவரத்து நிற்பதை விதிநூல்களும் ஏற்கின்றன. எங்கள் குழுவிலும் பாதிப்பேர் அந்தப் பக்கம்தான் சாய்ந்தார்கள். ஆண்டுக்கு நாலைந்து நாள்தானே என்றார்கள்.

அதற்குப் பதில் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் ஓர் அம்மாவிடமிருந்து வந்தது. “நாலு நாள்தான் சார், இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த நாலு நாளும் சாயங்காலத்துலதான் தண்ணி வருது. பிள்ளைங்க அந்தப் பக்கம் இஸ்கூல்ல, நாங்க இந்தப் பக்கம். இடுப்பளவு தண்ணின்னா நாங்க நிப்போமா, எறங்குவோமா?”

அவர் சொன்னது முற்றிலும் சரி. ஜவ்வாது மலையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும். மாலையில் அடிவாரத்து ஓடைகள் பொங்கும். பள்ளி விடும் நேரமும் அதுதான். எத்தனை நாள் வழி அடைபடும் என்பது விதிநூலின் கேள்வி. எந்த நேரத்தில் அடைபடும், அப்போது யார் எந்தக் கரையில் இருப்பார்கள் என்பது ஊரின் கேள்வி. தரைப்பாலத்தின் ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. பாலம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இங்கேதான் இருக்கிறது என்று தெரியும், அதனால் இறங்கிவிடுவார்கள். வேகமாக ஓடும் அரை அடித் தண்ணீர் ஓர் ஆளைச் சாய்க்கும். இரண்டு அடி வந்தால் பெரும்பாலான கார்களை மிதக்கவைத்து இழுத்துப் போகும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்கு. பிள்ளைகள் அக்கரையில் நிற்கும்போது எந்தத் தாயும் எச்சரிக்கைப் பலகையைப் படித்துக்கொண்டு நிற்கமாட்டாள். தரைப்பாலத்தைக் கைவிட்டோம்.

இரண்டாவது, இடத்தையே மாற்றுவது. முன்னூறு மீட்டர் மேலே ஓடை இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒடுங்கி ஒன்பது மீட்டரில் போகிறது. அஸ்திவாரச் செலவே இல்லாத அளவு நல்ல இடம். பொறியாளர் மனத்துக்கு அது பெரிய சபலம். ஆனால் அங்கே கட்டினால் காலனிக்காரர்கள் போய்வர ஒரு கிலோமீட்டருக்கு மேல் சுற்றவேண்டும். அவர்கள் சுற்றமாட்டார்கள், பழைய இடத்திலேயே தண்ணீரில் இறங்குவார்கள். ஒரு கரை காப்புக்காட்டின் எல்லைக்குள் வருவதால் 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒப்புதலும் வாங்கவேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், அந்தப் பாலம் யாருக்காகக் கட்டப்படுகிறதோ அவர்களை விட்டு விலகிப்போகும். பாலத்தைப் பாறை இருக்கும் இடத்தில் கட்டுவதைவிட மக்கள் நடக்கும் இடத்தில் கட்டுவது செலவு கூடுதல்தான். அந்தச் செலவைச் செய்யத்தான் அரசாங்கம் இருக்கிறது.

மூன்றாவது, இரும்புப் பாலம். இரண்டாம் உலகப் போரில் டொனால்ட் பெய்லி வடிவமைத்த, துண்டுதுண்டாகக் கொண்டுவந்து பூட்டும் பெய்லி பாலம். 2024 ஆகஸ்டில் வயநாட்டு நிலச்சரிவுக்குப் பின் சூரல்மலையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு 190 அடி பெய்லி பாலத்தை இரவு பகலாக அமைத்ததை நாடே பார்த்தது. மீட்புக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் முப்பது, நாற்பது ஆண்டு நிற்கவேண்டிய கிராமத்துப் பாலத்துக்கு ஆணிகளையும் பூட்டுகளையும் அடிக்கடி பார்த்து, துருவைச் சுரண்டி வண்ணம் பூச ஆள் வேண்டும். ஊராட்சியில் அந்த ஆள் இல்லை. யார் பராமரிப்பார் என்று பெயர் சொல்ல முடியாத எதையும் கிராமத்தில் கட்டக்கூடாது.

மிஞ்சியது நாலாவது, உயர்மட்டப் பாலம். அதிலும் இரண்டு வகை: பெட்டிபெட்டியாக இருக்கும் பாக்ஸ் கல்வெர்ட், அல்லது தூணின்மேல் கான்கிரீட் பலகை. அடியில் நெகிழ்ந்த மண் இருந்தால் பெட்டிதான் நல்லது; அதன் அடித்தளமே பாயைப்போல் பரவிப் பாரத்தைத் தாங்கும். ஆனால் மலையோடை வேரோடு மரம் கொண்டுவரும். பெட்டிகளுக்கு நடுவிலுள்ள ஒவ்வொரு சுவரும் ஒரு மரத்தைப் பிடித்துவைக்கும். பிடித்த மரம் புதரைப் பிடிக்கும். அரை மணியில் திறப்பு பாதி அடைந்துவிடும். எனவே மண்ணைப் பார்க்காமல் முடிவு செய்யவில்லை. மூன்று இடங்களில் குழி தோண்டினோம். இடக்கரையிலும் நடுவிலும் இரண்டு மீட்டருக்குள் சுக்காம்பாறை. வலக்கரையில் மட்டும் பாறை சரிந்து மூன்றரை மீட்டருக்குப் போயிருந்தது. எட்டும் ஆழம்தான். எட்டு மீட்டர் கொண்ட இரண்டு கண்கள், நடுவில் ஒரே தூண் என்று முடிவு செய்தோம். நீர் வரும் திசைக்கு நேராகத் திருப்பி, முனையைக் கூர்மையாக்கி, மரம் மோதினால் வழுக்கிப் போகும்படி தூணை வடிவமைத்தோம். அஸ்திவாரத்தைச் சுக்காம்பாறைக்குள் ஒன்றரை மீட்டர் பதித்தோம்.

உயரம் எவ்வளவு? 30 முதல் 300 கனமீட்டர் வரை நீர் வரும் இடத்தில் வெள்ள மட்டத்துக்கும் பலகையின் அடிக்கும் நடுவே 90 செ.மீ. இடைவெளி விடவேண்டும். இளைஞர்கள் இன்னும் உயரமாகக் கேட்டார்கள். உயர்ந்தால் பாதுகாப்பு என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பாலம் உயர்ந்தால் அணுகுசாலையும் உயரவேண்டும். உயர்ந்த சாலை வெள்ளத்துக்கு முன்னால் ஒரு கரை. இடக்கரையில் நிலம் வைத்திருந்தவர் எழுந்து, “ரோட்ட மேடாக்கிட்டீங்கன்னா தண்ணி என் நெலத்துல நிக்கும், அப்புறம் காலனிக்குள்ள பூரும்” என்றார். லெவல் எடுத்துப் பார்த்தோம். அவர் சொன்னபடியேதான் நடக்கும்.

இந்த இடத்தில்தான் நான் இத்தனை ஆண்டுகளில் கற்ற ஒன்றைச் சொல்லவேண்டும். ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கு வடிவமைக்கிறோம் என்றால், அதைவிடப் பெரியது வராது என்று பொருளில்லை. ஏதாவது ஓர் ஐம்பது ஆண்டுக் காலத்தில் அதைவிடப் பெரிய வெள்ளம் ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு மூன்றில் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. பாலம் நிற்கும் காலத்துக்குள் கணக்கை மீறும் நாள் பெரும்பாலும் வரும். அன்று எது முதலில் போகவேண்டும் என்பதை நாம் முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், வெள்ளம் முடிவு செய்யும். அது விலை உயர்ந்ததையும் உயிர் உள்ளதையும்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும்.

எங்கள் முடிவு இது: பாலம் நிற்கட்டும், வீடுகள் நிற்கட்டும், சாலை போகட்டும். பாலத்திலிருந்து சற்றுத் தள்ளி, இடக்கரைச் சாலையில் நாற்பது மீட்டர் நீளத்தை வேண்டுமென்றே தாழ்த்தினோம். அதன் மட்டம் பாலப் பலகையின் அடியைவிட 60 செ.மீ. கீழே. கணக்குக்குள் வரும் வெள்ளத்தில் அந்தத் தாழ்வும் நனையாது. கணக்கை மீறினால் தண்ணீர் பலகையைத் தொடும் முன்பே அந்தத் தாழ்வில் ஏறிக் கடந்து, பழைய வாய்க்கால் வழியே மறுபடி ஓடையில் சேரும். சரிவுகளில் கல் பாவினோம். நிலக்காரரிடம் வரைபடத்தைக் காட்டி, என்றைக்கோ ஒருநாள் தண்ணீர் உங்கள் வயலோரமாகப் போகும், மற்ற நாட்களில் இப்போது நிற்பதும் நிற்காது என்று விளக்கினோம். வரப்போரம் கல்சுவர் கேட்டார். நியாயமான கோரிக்கை, எஸ்டிமேட்டில் சேர்த்தோம்.

கணக்கை மீறும் நாளில் காலனி சில மணி நேரம் துண்டிக்கப்படும் என்பதைக் கூட்டத்தில் மறைக்காமல் சொன்னேன். மறுநாள் ஒரு ஜேசிபியும் சில லோடு கிராவலும் போதும், சாலை திரும்பிவிடும். பாலம் போனால் திரும்ப ஆண்டுகள் ஆகும். மக்களுக்கு இது புரிந்தது. இதைவிடக் கடினமானது, சாலையை வேண்டுமென்றே தாழ்த்துவதை அலுவலகத்தில் புரியவைப்பது. குறை வைத்துக் கட்டுவதுபோல் தோன்றும் ஒன்றுக்குக் கையெழுத்துப் போட யாருக்கும் தயக்கம் வரும். கணக்குத் தாளோடு இரண்டு வரைபடங்களை இணைத்தோம்: தாழ்வு இருந்தால் காலனியில் வெள்ளம் நிற்கும் மட்டம், இல்லாவிட்டால் நிற்கும் மட்டம். அதன்பிறகு ஒப்புதல் வந்தது.

நபார்டு வங்கியின் ஊரக உள்கட்டமைப்பு வளர்ச்சி நிதியில் பணம் வந்து வேலை தொடங்கும்வரை ஊர் காத்திருக்க முடியாது. வயலில் கிடந்த அந்தப் பழைய குழாய்களுக்கு அப்போதுதான் வேலை வந்தது. பழைய இடத்துக்குச் சற்றுக் கீழே குழாய்களைப் பதித்து, மணல் மூட்டை அடுக்கி, கிராவல் கொட்டித் தற்காலிகப் பாதை போட்டோம். வேண்டுமென்றே தாழ்வாகவும் இலேசாகவும் போட்டது. வெள்ளம் வந்தால் முதலில் அது கரைந்துவிடவேண்டும், மேலே நடக்கும் அஸ்திவார வேலைக்குள் தண்ணீரைத் தேக்கக்கூடாது. தண்ணீர் ஏறும்போது பாதையை அடைக்கக் காலனியிலேயே இரண்டு இளைஞர்களுக்குப் பொறுப்பு கொடுத்தோம். பள்ளியும், மழை கறுத்தால் காலனிப் பிள்ளைகளை முன்னதாக அனுப்ப ஒப்புக்கொண்டது.

பாலம் முடிந்தபின் 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை வந்தது. பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை. எங்கள் ஓடையில் முனியப்பன் கோயிலின் ஐந்தாம் படி நனைந்தது. தண்ணீர் தாழ்த்திய சாலையில் ஏறிக் கடந்தது; பாவிய கல்லில் ஒரு பகுதியும் தாரும் போயின. பலகையின் அடியைத் தண்ணீர் தொடவில்லை. காலனியில் எந்த வீட்டுக்குள்ளும் தண்ணீர் போகவில்லை. அடுத்த நாளே கிராவல் கொட்டிப் பாதை திறந்தார்கள்.

ஊராட்சித் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் ஊரில் பாலம் போனால் எவ்வளவு ஒதுக்குவார்கள் என்ற கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். எவ்வளவு தண்ணீர் வந்தது என்பதைக் கோடு மறையும் முன் சுவரில் பெயின்ட்டால் குறித்துவையுங்கள். எந்த நேரத்தில் யார் அக்கரையில் சிக்குகிறார்கள் என்பதைக் கிராம சபையில் பெண்களைப் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். வரும் பொறியாளரிடம், “கணக்கை மீறி வெள்ளம் வந்தால் எது முதலில் போகும்?” என்று கேளுங்கள். அவர் விடை சொல்லும்வரை எஸ்டிமேட்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். பாலம் வந்தபிறகு ஒவ்வொரு புரட்டாசியிலும் கண்களில் சிக்கிய மரத்தையும் புதரையும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பெரிய நிதி வேண்டாம். நாலு ஆளும் ஒரு காலைப்பொழுதும் போதும்.